டெல்லிக்கு அழைக்காமல் வந்த நாரைகள்

1959-ல் டெல்லியில் பழைய கோட்டைக்குப் பக்கத்தில் மிருகக்காட்சி சாலை திறந்தார்கள். புலி, சிங்கம் எல்லாம் மனிதர்கள் கொண்டுவந்து அடைத்தவை. அடுத்த வருடமே யாரும் கூப்பிடாமல் ஒரு கூட்டம் வந்து குடியேறியது. சங்குவளை நாரைகள்! மஞ்சள் மூக்கு நாரை என்றும் சொல்வார்கள்.

அங்கே நீர்ப்பறவைகளுக்காகக் குளங்கள் வெட்டியிருந்தார்கள். குளத்தின் நடுவே சின்னச் சின்னத் தீவுகள், அவற்றில் மரங்கள். சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் பூனையோ நாயோ சுலபத்தில் நெருங்க முடியாது. கூடு கட்ட இதைவிட நல்ல இடம் ஏது? வாடகை இல்லை, அட்வான்ஸும் இல்லை!

சாப்பாடு மட்டும் வெளியே. கூண்டுப் பறவைக்கு வேளாவேளைக்குத் தீனி வரும். இவையோ சுதந்திரப் பறவைகள். யமுனைப் பக்கமும் சுற்றுவட்டார நீர்நிலைகளுக்கும் பறந்துபோய் மீன் பிடித்து விழுங்கி வந்து, கூட்டில் கக்கிக் குஞ்சுகளுக்குக் கொடுக்கும். அதனால் இவற்றின் காலண்டர் மழைதான். மழை பெய்து மீன் பெருகும் ஆகஸ்ட், செப்டம்பரில் டெல்லியில் கூடு கட்டும். நம்ம ஊர் கூந்தன்குளத்தில் இதே நாரை வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகுதான் கட்டும். யமுனை கெட்டால் மிருகக்காட்சி சாலை எவ்வளவு பத்திரமாக இருந்தும் குஞ்சுகளுக்குப் பட்டினிதான்.

டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஏ.ஜே. உர்ஃபி இந்தக் கூடுகளைப் பல வருடங்கள் கவனித்தவர். 2011-ல் இந்த நாரையைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

நெருங்கி வாழ்வதில் ஆபத்தும் உண்டு. 2016 அக்டோபரில் பறவைக் காய்ச்சல் வந்தது. கூண்டிலிருந்த பறவைகளோடு, வெளியிலிருந்து வந்த நாரைகளும் செத்து விழுந்தன. மிருகக்காட்சி சாலையை இழுத்து மூடினார்கள். 2017 மழைக்காலத்தில் நாரைகள் மறுபடியும் அதே மரங்களுக்கு வந்துவிட்டன.