திமிங்கில எண்ணெயும் ரேடியேட்டருக்குள் ஒரு குழாயும்

பதிவு கொஞ்சம் நீளம்தான். காப்பியோடு உட்கார்ந்து படியுங்கள்.

அமெரிக்காவில் படிக்கும் என் தங்கை மகன் போன வாரம் கூப்பிட்டான். "மாமா, 2006 மாடல் நிசான் பாத்ஃபைண்டர் ஒன்று விலைக்கு வருகிறது. பகுதி நேர வேலையில் சேர்த்த பணம் மொத்தமும் அதற்கே போய்விடும். கூட இருக்கும் பையன்கள், ரேடியேட்டரைப் பார்க்காமல் வாங்காதே, கியர்பாக்ஸ் போய்விடும் என்கிறார்கள். இரண்டுக்கும் என்ன மாமா சம்பந்தம்?" என்றான்.

எட்டாம் வகுப்புக்கு வெப்பம் நடத்தியவன் நான், மெக்கானிக் இல்லை. ஆனாலும் பையன் கேட்டுவிட்டானே என்று நான்கு நாள் தேடிப் படித்தேன். கதை நூறு வருஷத்துக்கு மேல் பின்னால் போனது.

வகுப்பில் நான் செய்து காட்டியது நினைவிருக்கிறதா? ஓடும் மேசை விசிறிக்கு எதிரே, ஓடாத விசிறி ஒன்றை வைத்தால் அதுவும் மெல்லச் சுற்றும். காற்றுக்குப் பதில் எண்ணெயை வைத்து இதையே செய்தார் ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர். 1905-ல் காப்புரிமை பெற்றார். அவர் நினைத்தது கப்பலுக்கு. நீராவி டர்பைனின் வேகத்தைக் கப்பலின் உந்துவிசிறிக்குக் கொடுக்க ஒரு வழி. அந்தத் தத்துவம்தான் பிறகு காருக்குள் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1939-ல் 'ஹைட்ரா-மேட்டிக்' என்ற பெயரில் கிளட்ச் மிதி இல்லாத கியர்பாக்ஸைக் கொண்டுவந்தது. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரில் அதற்குக் கூடுதல் விலை 57 டாலர்.

எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தினால் ஒரு பகுதி வெப்பமாக மாறும். அந்த எண்ணெயை ஆற்ற வேண்டும். காற்றால் ஆற்றிய கார்களும் உண்டு. ஆனால் காலப்போக்கில் பரவலானது வேறு ஏற்பாடு. காரின் முன்னால் எஞ்சினுக்காக ஒரு ரேடியேட்டர் ஏற்கெனவே இருக்கிறது; அதன் தொட்டிக்குள்ளேயே ஒரு சின்னக் குழாயை மூழ்க வைத்து, அதற்குள் கியர் எண்ணெயை ஓடவிட்டார்கள். வெளியே கூலன்ட், உள்ளே எண்ணெய். சூடான எண்ணெய் ஆறும், பனிக்காலத்தில் உறைந்து கிடக்கும் எண்ணெய் சீக்கிரம் சூடேறவும் செய்யும். நல்ல சிக்கனம். ஆனால் இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய உலோகச் சுவர் மட்டுமே.

அந்தச் சுவருக்கு வந்த சோதனையில் திமிங்கிலத்துக்கும் பங்கு உண்டு என்பதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அந்தக் காலத்து கியர் எண்ணெயில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைச் சேர்ப்பார்கள். வழவழப்புக்கும் சூடு தாங்குவதற்கும் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. 1970-ல் அமெரிக்கா அந்தத் திமிங்கிலத்தை அழியும் உயிரினப் பட்டியலில் சேர்த்தது. 1973-ல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது. செய்ய வேண்டிய காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் மாற்றாக வேதிப்பொருள் சேர்த்து வந்த 'டெக்ஸ்ரான் 2 சி' எண்ணெய், ரேடியேட்டருக்குள் இருந்த குழாயின் பற்றவைப்புகளை அரித்தது. சில ஆண்டுகளில் அரிப்புத் தடுப்பான் சேர்த்த 'டி' வகையைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. கடலில் ஓர் உயிரைக் காப்பாற்றப் போய், காருக்குள் ஒரு குழாய் ஓட்டையானது!

பிறகு செம்பு, பித்தளை ரேடியேட்டர்கள் போய், அலுமினியமும் பிளாஸ்டிக் தொட்டியும் வந்தன. எடையும் செலவும் குறைந்தன. தங்கை மகன் கேட்ட பாத்ஃபைண்டர் இந்தக் காலத்துக் கார். 2005 முதல் 2010 வரையிலான பாத்ஃபைண்டர், எக்ஸ்டெர்ரா, ஃபிரான்டியர் வண்டிகளில் உள்குழாய் விரிசல் விட்டு, கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் புகுந்ததாகப் புகார்கள் குவிந்தன. சிவப்பு எண்ணெயும் கூலன்டும் கலந்து இளஞ்சிவப்பு நுரையாகிவிடும். அதற்கு அங்கே வைத்த பெயர் 'ஸ்ட்ராபெர்ரி மில்க்‌ஷேக்'. நிசான் உத்தரவாதத்தை 8 ஆண்டு அல்லது 80,000 மைல் வரை நீட்டியது. வழக்குக்குப் பிறகு, உரிமையாளரும் ஒரு பங்கு கொடுத்தால் 10 ஆண்டு அல்லது 1,00,000 மைல் வரை என்று ஆனது. 2006 வண்டிக்கு அதெல்லாம் எப்போதோ முடிந்த கதை.

வண்டி ஓடும்போது குழாயில் எண்ணெயின் அழுத்தம் பொதுவாக அதிகம். அதனால் விரிசல் இருந்தாலும் முதலில் எண்ணெய்தான் கூலன்ட் பக்கம் கசியும். எஞ்சினை நிறுத்தியதும் எண்ணெய் அழுத்தம் பூஜ்யம். ஆனால் கொதித்த ரேடியேட்டரில் அழுத்தம் உடனே இறங்காது. வீட்டு வாசலில் வண்டி சும்மா நிற்கும் அந்த நேரத்தில்தான் கூலன்ட் உள்ளே நுழைகிறது. கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகளில் காகிதம் போன்ற ஒரு பொருளைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். தண்ணீரும் கிளைக்காலும் பட்டால் அது ஊறி உப்பும், பசை விடும். அதற்குப் பிறகு எண்ணெயை எத்தனை முறை மாற்றினாலும் பெரும்பாலும் பிழைக்காது.

எனவே அவனிடம் நான் சொன்னது இவ்வளவுதான். வாங்கும் முன்பே கியர் எண்ணெயைப் பார். ரேடியேட்டர் மூடியை எஞ்சின் ஆறிய பிறகு திறந்து, கூலன்டில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பார். இரண்டும் சுத்தமாக இருந்து வாங்கினால், முதல் வேலையாகப் பழைய ரேடியேட்டரை மாற்று. இன்னும் உறுதி வேண்டுமானால் உள்குழாயை ஒதுக்கிவிட்டு, காற்றில் ஆறும் தனிக் கூலர் ஒன்றை முன்னால் மாட்டலாம்; கடும் பனி ஊர் என்றால் எண்ணெய் சூடேறத் தாமதமாகும், அங்கே இருக்கும் மெக்கானிக்கைக் கேட்டுச் செய். என்றைக்காவது இளஞ்சிவப்பு நுரையைக் கண்டால் ஸ்டார்ட் செய்யவே செய்யாதே, இழுவை வண்டியைக் கூப்பிடு.

நேற்று இரவு படம் அனுப்பினான். எண்ணெய் பார்க்கும் குச்சியை போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்களாம், ஸ்பேனர் இரவல் வாங்கிக் கழற்றியிருக்கிறான். வெள்ளைத் துணியில் துடைத்த எண்ணெய் நல்ல சிவப்பு. புது ரேடியேட்டரின் விலையைக் கழித்துக்கொண்டு தருவீர்களா என்று விற்பவரிடம் கேட்டிருக்கிறானாம். பதிலுக்குக் காத்திருக்கிறோம்.