ஆர்மேனியன் தெருவும் நம் கடமையும்

இராயபுரத்திலிருந்து புனித அந்தோணியார் திருத்தலத்திற்குச் செல்லும் நம்மில் பலர், ஆர்மேனியன் தெருவுக்கு அப்பெயர் வந்த காரணத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. அதே தெருவில்தான் 1772-இல் எழுந்த புனித மரியன்னை ஆர்மேனியர் ஆலயமும் நிற்கின்றது.

பாரசீகத்திலிருந்து வணிகத்தின் பொருட்டு வந்து குடியேறிய சிறு சமூகத்தினர் அவர்கள். அவர்களுள் ஒருவரான கோஜா பெட்ரஸ் உஸ்கான், 1726-இல் அடையாற்றின் மீது மர்மலாங் பாலத்தைக் கட்டினார். பரங்கிமலைப் படிகளும் அவரது கொடையே. உலகின் முதல் ஆர்மேனிய இதழாகிய 'அஸ்தரார்' 1794-இல் இந்நகரில்தான் வெளிவந்தது. அதை அச்சிட்டவர் ஷ்மவோனியான் என்னும் குருவானவர். அவரது கல்லறை அவ்வாலய வளாகத்திலேயே உள்ளது. சொந்த அரசு இல்லாதிருந்த அம்மக்களுக்கு மொழியும் திருச்சபையுமே தாயகமாயின.

இன்று அங்கே ஞாயிறுதோறும் கூடி வழிபட இறைமக்கள் இல்லை. கல்கத்தா ஆர்மேனியர்களே ஆலயத்தைப் பேணி வருகின்றனர்.

இத்தகைய சமூகத்திற்குப் பண்பாட்டு மையம் அமைக்க எண்ணுவோர் புதுக் கட்டிடம் தேட வேண்டியதில்லை. ஆலயமும் கல்லறைகளும் உள்ளன. அவற்றின் வரலாற்றை எடுத்துரைப்போர்தாம் இல்லை. பேணுவோரின் இசைவோடு கல்லறை எழுத்துகளைப் படியெடுத்துத் தமிழில் விளக்கி வைக்கலாம்; இதழின் படி ஒன்றைக் காட்சிக்கு வைக்கலாம்; மறைக்கல்வி மாணவரை அழைத்துச் செல்லலாம். அவர்கள் கட்டிய படிகளில் ஏறிச் செபித்த நாம், அண்டை வீட்டாராக இதையேனும் செய்யக் கடமைப்பட்டுள்ளோம் அன்றோ!