இளவரசர் இல்லாத மாளிகை

சென்ற வாரம் பீஜிங்கில் இளவரசர் கோங்கின் மாளிகையைச் சுற்றி வந்தோம். முன்னே கட்டுக்கட்டாக வீடு, பின்னே குளமும் செய்குன்றுமாகத் தோட்டம். அந்த கோங்தான் 1860-இல் பிரிட்டிஷாருடன் பீஜிங் உடன்படிக்கையில் கையொப்பமிட்டவர். அதே ஆண்டுகளில் அதே பிரிட்டிஷார் வங்கக் கடலில் ஒரு குட்டித் தீவின் காட்டைக் கைதிகளை விட்டு வெட்டவைத்துக்கொண்டிருந்தார்கள். ராஸ் தீவு. அங்கே எழுந்த மாளிகைக்குள் எந்த இளவரசரும் பிறக்கவில்லை. ஆனால், குடியிருந்த அதிகாரிகள் சிற்றரசர்களாகவே வாழ்ந்தார்கள்.

1858 மார்ச் 10-ஆம் தேதி டாக்டர் ஜேம்ஸ் பேட்டிசன் வாக்கர் இருநூறு கைதிகளுடன் அந்தமானில் வந்திறங்கினார். முந்தைய ஆண்டுக் கிளர்ச்சிக்காக நாடு கடத்தப்பட்டவர்கள் அவர்களில் பலர். வாக்கர் இரக்கம் அறியாதவர். தப்பியோடிப் பிடிபட்டவர்களில் எண்பதுக்கும் மேற்பட்டோரை ஒரே நாளில் தூக்கில் போட்டார். கல்கத்தா அரசே அதிர்ந்து தடுக்க வேண்டியிருந்தது. ராஸைத் தலைமையிடமாக்க மரம் வெட்டியதும் கல் சுமந்ததும் இந்தக் கைதிகள்தான்.

தீவின் அமைப்பைப் பார்த்தாலே அதிகாரம் எங்கே உட்கார்ந்திருந்தது என்று புரிந்துவிடும். மேட்டின் உச்சியில், கடற்காற்று வீசும் இடத்தில், அகன்ற தாழ்வாரங்களோடு தலைமை ஆணையர் மாளிகை. அதற்கு எட்டிய தூரத்தில் தேவாலயம், கிளப், டென்னிஸ் மைதானம், நீச்சல்குளம். படகுத்துறையை ஒட்டிய சரிவுகளில் மின்நிலையம், கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் ஆலை, ரொட்டி அடுப்பு. அச்சகமும் உண்டு, கல்லறைத் தோட்டமும் உண்டு. இத்தனையும் ஒரு சதுர கிலோமீட்டருக்குள். ‘கிழக்கின் பாரிஸ்’ என்று பெருமை பேசினார்கள். சமைத்தவரும் தண்ணீர் சுமந்தவரும் பூச்செடிக்கு மண் கொத்தியவரும் கைதிகள் என்றால், எந்தத் தீவும் பாரிஸ் ஆகிவிடும்!

இந்தத் தீவிலேயே 1863-இல் பாதிரியார் கார்பின் ‘அந்தமான் இல்லம்’ ஒன்றைத் தொடங்கினார். மண்ணின் பழங்குடிகளைக் கொண்டுவந்து ‘நாகரிகப்படுத்த’. 1906-இல் எதிர்க்கரையில் செல்லுலர் சிறை கட்டி முடிந்தது. மாளிகைவாசிகளின் கண்ணுக்கு அதன்பின் கடலோடு சிறையும் சேர்ந்தே தெரிந்தது.

1941 ஜூன் 26-ஆம் தேதி நிலநடுக்கம் தீவை உலுக்கியது. தலைமையிடம் போர்ட் பிளேருக்கு நகர்ந்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் வந்தார்கள். படகுத்துறையருகே அவர்கள் கட்டிய பதுங்குகுழிகள் இன்னும் உறுதியாக நிற்கின்றன. 1943 டிசம்பர் இறுதியில் அந்தமான் வந்த நேதாஜி இந்த மாளிகையில்தான் தங்கினார். 30-ஆம் தேதி போர்ட் பிளேரில் கொடியேற்றினார். 2018-இல் தீவுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். இன்று அங்கே போனால் சுவர்களைக் கவ்விப் பிடித்திருக்கும் ஆல வகை மரங்களின் வேர்களையும், பிரிட்டிஷார் கொண்டுவந்து விட்ட புள்ளிமான்களின் சந்ததியையும் பார்க்கலாம்.

வெயில் காலத்துக்கு ஆணையருக்கு இன்னொரு வீடும் இருந்தது, துறைமுகத்துக்கு அப்பால் மவுண்ட் ஹாரியட் மலையில். 1862-இல் பொறுப்பேற்ற ராபர்ட் டைட்லரின் மனைவி பெயர்தான் மலைக்கு. வைஸ்ராய் மேயோ 1872 பிப்ரவரி 8-ஆம் தேதி அங்கே சூரியன் மறைவதை ரசித்துவிட்டு இறங்கினார். அடிவாரத்து ஹோப்டவுன் துறையில் ஷேர் அலி அஃப்ரிடி என்ற கைதியின் கத்திக்கு இரையானார்.

பத்தொன்பது ஆண்டுகள் கழித்து அதே மலைக்கு ஒரு நிஜ மன்னர் வந்தார். 1891 போரில் தோற்ற மணிப்பூர் மகாராஜா குலச்சந்திர துவஜ சிங். ஆணையர் காற்று வாங்கிய மலையில் அவருக்குச் சிறை. அவரோடு இருபத்திரண்டு பேர். மலைக்கு இன்று மணிப்பூரின் பெயர் வந்திருப்பது அவர்களால்தான். அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)