அறுந்துபோகக் கத்துக்கிட்ட கயிறு: கடல் தூண்டிலின் கதை

"கடல்ல மீன் பிடிக்க எந்த ராடு, எந்த லைன் வாங்கலாம்?" இந்தக் கேள்விக்கு விலைப்பட்டியலைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. வரலாற்றைப் பார்த்தா சொல்லலாம். அதுக்கு நாம கலிஃபோர்னியா கரைக்கு அப்பால இருக்கிற சான்டா கேட்டலினா தீவுக்குப் போகணும்.

1886-ல சார்லஸ் ஃபிரடெரிக் ஹோல்டர்ங்கிற இயற்கையியலாளர் அந்தத் தீவோட அவலான் ஊருக்கு வர்றார். அங்கே பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்கிறவங்க தடிமனான கைக்கயிறை வெச்சுப் பெரிய பெரிய மீன்களை வரிசையா இழுத்துப் போடுறாங்க. மீனுக்குத் தப்பிக்க வாய்ப்பே இல்லை. ஹோல்டருக்கு இது பிடிக்கலை.

1898 ஜூன் 1-ஆம் தேதி, அதே தீவுக்குப் பக்கத்துல அவர் ராடும் ரீலும் வெச்சே 183 பவுண்டு, அதாவது 83 கிலோ எடையுள்ள ப்ளூஃபின் டூனா ஒண்ணைப் பிடிச்சார். டூனான்னா நம்ம ஊர் சூரையோட பெரிய சொந்தக்காரன். அதே வருஷம் 'டூனா கிளப்' தொடங்கினார். அதோட விதி எளிமையானது: லைன் 24 இழைக்கு மேல போகக்கூடாது.

அப்போ லைன்னா லினன் நூல். ஒரு இழைக்கு ஏறக்குறைய 3 பவுண்டு தாங்கும். ஆக, மொத்தமே 30 கிலோ சொச்சம் தாங்குற நூலை வெச்சு 80 கிலோ மீனோட மோதணும். வேகமா இழுத்தா நூல் அறுந்துடும். மீன் ஓடும்போது விட்டுக்கொடுக்கணும், அது களைச்சதும் சுத்தணும். ராடு வளைஞ்சு அதிர்ச்சியைத் தாங்கிக்கணும்.

சிக்கல் என்னன்னா, அன்னைக்கு ரீலுக்குள்ள பிரேக் கிடையாது. ஒரு தோல் பட்டையைக் கட்டைவிரலால சுருள் மேல அழுத்தணும், அவ்ளோதான். மீன் ஓடினா கைப்பிடியும் தலைகீழாச் சுத்தி விரல் மூட்டைப் பதம் பார்க்கும். அந்தக் கிளப்போட உறுப்பினர் வில்லியம் போஷன், ரீல் செய்யுற யூலியஸ் ஃபோம் ஹோஃபோட சேர்ந்து ரீலுக்குள்ளேயே ஒரு உராய்வு பிரேக்கை வெச்சார். இதைத்தான் இன்னிக்கு நாம டிராக்னு சொல்றோம். 1913-ல ராடும் ரீலும் வெச்சு முதல் ஸ்வார்ட்ஃபிஷ்ஷைப் பிடிச்சதும் இதே போஷன்தான்.

நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். எனக்கு இதைப் பார்த்ததும் வீட்டு ஃப்யூஸ்தான் ஞாபகத்துக்கு வருது. அமைப்புல எது முதல்ல விட்டுக்கொடுக்கணும்னு நாமளே முன்கூட்டி முடிவு பண்றோம். லைன் அறுறதுக்கு முன்னாடி டிராக் வழுக்கணும். ராடு ஒடியறதுக்கு முன்னாடி லைன் அறணும்.

அப்புறம் பொருட்கள் மாறிச்சு. லினன் நூலைத் தினமும் அலசிக் காய வைக்கணும், இல்லேன்னா மட்கிப் போயிடும். 1938-ல டூபான்ட் நிறுவனம் நைலானை அறிவிச்சது. அதுல வந்ததுதான் நம்ம ஊர்ல தங்கூசின்னு சொல்ற நரம்பு. இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் மர ராடு, மூங்கில் ராடு இருந்த இடத்துக்கு ஃபைபர்கிளாஸ் வந்தது. 1970-கள்ல கார்பன் ஃபைபர், 1990-கள்ல பின்னல் லைன்.

இப்போ கேள்விக்கு வருவோம். முதல்ல மீனையும் இடத்தையும் முடிவு பண்ணுங்க. அதுக்கு ஏத்த லைன், அந்த லைனுக்கு ஏத்த ராடு. ராடு மேலயே எத்தனை பவுண்டு லைனுக்குன்னு அச்சடிச்சிருப்பாங்க. கரையிலிருந்து அலையைத் தாண்டி வீசணும்னா 10-12 அடி ராடு வேணும். படகுல 6-7 அடி போதும். ராடு நீள நீள நெம்புகோல் கணக்கு மீனுக்குத்தான் சாதகம். தங்கூசி இழுபடும், அதனால திடீர் இழுப்பைத் தாங்கும். பின்னல் லைன் மெல்லிசு, ஆனா இழுபடாது. பாறையில உரசினா சீக்கிரம் அறுந்துடும். அதனால நுனியில ஒரு தங்கூசித் துண்டு கட்டணும். டிராக்கை லைன் தாங்குற எடையில கால் பங்குல இருந்து மூணுல ஒரு பங்கு வரைக்கும் வையுங்க. கரைக்கு வந்ததும் எல்லாத்தையும் நல்ல தண்ணியில கழுவுங்க.

கடைசியா ஒண்ணு. லினன் மட்கும்ங்கிறதை அன்னைக்குப் பெரிய குறையாப் பார்த்தாங்க. ஆனா அறுந்து கடல்ல விழுந்த லினன் கொஞ்ச நாள்ல காணாமப் போயிடும். நைலான் அப்படி இல்லை. அது வருஷக்கணக்கா அங்கேயே கிடந்து ஆமையையும் பறவையையும் சுத்திக்கும். மீனுக்கு நியாயமான வாய்ப்பு கொடுக்கணும்னு ஹோல்டர் மெல்லிசான லைனைக் கேட்டார். மெல்லிசான லைன்னா அடிக்கடி அறும். இன்னிக்கு அறுந்து விழுறது நைலான். அதனால நியாயம்ங்கிற வார்த்தைக்கு இப்போ அர்த்தம் கொஞ்சம் பெரிசாகியிருக்கு: பிடிக்கப் போற மீனுக்கு அளவான லைனை எடுங்க. அறுந்து கைக்கு வர்ற துண்டைக் கடல்ல போடாம, சுருட்டிப் பையில போட்டு வீட்டுக்குக் கொண்டுவாங்க.