பத்து ரவையும் ஒரு கட்டைவிரலும்

என் அக்கா பையன் கோயமுத்தூர்ல ஏர் ரைஃபிள் பழகுறான். பொங்கலுக்கு வந்தவன் மூஞ்சி வாடிக் கிடந்துச்சு. "ஒரே இடத்துல தான் குறி வைக்கிறேன் மாமா. ஒரு ரவை இங்க, ஒண்ணு அங்கனு விழுது. எனக்குக் கை சரியில்ல, விட்டுடலாம்னு இருக்கேன்"னான். அவன் சுடுறது பத்து ரவை மேகசின் போட்ட துப்பாக்கி. கை மேல பழி போடறதுக்கு முன்னால மேகசினோட கதையைக் கொஞ்சம் பார்த்துடலாம்ங்க.

1780 வாக்குல ஆஸ்திரியப் படைக்கு ஜிரார்டோனி என்பவர் ஒரு காற்றுத் துப்பாக்கி செஞ்சு கொடுத்தார். அடிக்கட்டைக்குப் பதிலா இரும்புக் காற்றுக் குடுவை. அது நிரம்ப கைப்பம்பை சுமார் 1500 தடவை அடிக்கணும். குழலை ஒட்டி ஒரு நீளக் குழாய், அதுல 20 ஈயக் குண்டு. துப்பாக்கி முனையை மேல தூக்கிக் குறுக்குக் கட்டையைத் தள்ளினா, ஒரு குண்டு உருண்டு வந்து கட்டையோட ஓட்டையில உக்காரும். கையை விட்டா ஸ்பிரிங் அதைக் குழலுக்கு நேரா கொண்டுவந்து நிறுத்திடும். பராமரிக்கச் சிரமமான சாமான், 1815 வாக்குல படையை விட்டுப் போயிடுச்சு. ஆனா குண்டு ஏத்துற வேலை மட்டும் சுளுவா நடந்துச்சு. உருண்டைக்குத் தலை ஏது, வால் ஏது? எப்படி உருண்டு வந்தாலும் ஒண்ணுதான்.

20ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல ரவையோட உருவம் மாறிடுச்சு. இங்கிலாந்துல லிங்கன் ஜெஃப்ரிஸ் வடிவமைச்ச ஏர் ரைஃபிளை பி.எஸ்.ஏ. கம்பெனி செஞ்சு வித்த காலம் அது. புது ரவை நம்ம உடுக்கை மாதிரி இடுப்பு சிறுத்தது. முன்னால கெட்டியான தலை, பின்னால உள்ளே குடைஞ்ச மெல்லிசான பாவாடை. காத்து அடிச்சா பாவாடை விரிஞ்சு குழலோட ஒட்டிக்கும், காத்து கசியாது. குறி நல்லா அமைஞ்சுது. ஆனா இதை உருட்டி விட முடியாது, நேரா தள்ளித்தான் விடணும்.

இப்போதைய மேகசின் வட்டமா இருக்கும். நெம்புகோலை இழுத்தா வட்டம் ஒரு கட்டம் சுத்தும். திரும்பத் தள்ளினா புரோப்ங்கிற சின்னக் கம்பி ரவையை மேகசின் வழியா குழலுக்குள்ள ஏத்தும். தப்பு நடக்கிறது இந்த அரை அங்குலத்துல தான். மேகசின் ஓட்டையும் குழல் வாயும் ஒரு மயிரிழை விலகினா ஈயம் ஒரு பக்கம் சீவிடும். கம்பி கோணலா இருந்தா பாவாடை நசுங்கும். கம்பி நீளம் பத்தலைன்னா ரவை முழுசா உள்ள போகாம காத்து பக்கவாட்டுல இடிக்கும். சாஞ்சு கிளம்பின ரவை சுழன்று சுழன்று போய் வேற எங்கேயோ விழும். சுடுறவன் கை என்ன பண்ணும்?

இதெல்லாம் சொல்லி பையனை அனுப்பி வச்சேன். கிளப்புல பயிற்சியாளரை வச்சுக்கிட்டு, மேகசின்ல இருந்து ஏறின ரவையைச் சுடாம ஒரு குச்சியால குழல்ல இருந்து மெதுவா வெளிய தள்ளிப் பார்த்திருக்காங்க. பாவாடையில ஒரே பக்கம் கீறல்! மேகசினைக் கழட்டிட்டு, ஒத்தை ரவைத் தட்டு வச்சுச் சுட்டா எல்லாம் ஒரு கொத்தா விழுந்துச்சாம். போன்ல அவன் குரலே மாறிப் போச்சுங்க.

2008 பெய்ஜிங்ல அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கின 10 மீட்டர் போட்டியிலயும் மேகசின் கிடையாது. ஒவ்வொரு ரவையா கையால தான் ஏத்தணும். நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் தான்.

எங்க ஊர் மாரியம்மன் நோம்பியில பலூன் சுடுற கடைக்காரர், துப்பாக்கியை மடக்கி ஒவ்வொரு ரவையையும் கட்டைவிரலால அழுத்தித் தான் கொடுப்பார். சின்ன வயசுல அது சோம்பேறி வேலைன்னு நெனச்சேன். ரவை கோணலா உக்காந்தா அந்த விரலுக்கு உடனே தெரிஞ்சுடும்ங்கிறது இப்பத்தான் எனக்கு உறைக்குது.