ஒரு சால்ஃபோர்ட் பெண்ணின் நாடகம்

இங்கிலாந்தின் சால்ஃபோர்ட் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்பில் வளரும் ஜோ என்ற பள்ளிச் சிறுமியின் கதை ‘எ டேஸ்ட் ஆஃப் ஹனி’. இந்நாடகம் 1958 மே 27 அன்று, கிழக்கு லண்டனில் ஸ்ட்ராட்ஃபோர்டிலுள்ள தியேட்டர் ராயலில் முதன்முதலாக மேடையேறியது. எழுதிய ஷீலா டெலானிக்கு அப்போது வயது 19.

மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்ட், பஞ்சாலைகளாலும் துறைமுகத்தாலும் வளர்ந்த ஊர். டெலானியின் தந்தை அங்கே பேருந்துப் பரிசோதகர். எந்த வகை உயர்நிலைப் பள்ளியில் சேர்வது என்பதைத் தீர்மானிக்க 11 வயதில் எழுதும் தேர்வில் தவறிய டெலானி, 17 வயதில் படிப்பை நிறுத்திவிட்டுக் கடையிலும் திரையரங்கிலும் வேலை பார்த்தார். டெரன்ஸ் ராட்டிகனின் நாடகமொன்றைப் பார்த்தபின், இதைவிட நன்றாகத் தம்மால் எழுத முடியும் என்ற துணிவு வந்தது. எழுதி முடித்ததை ‘தியேட்டர் வொர்க்‌ஷாப்’ குழுவின் இயக்குநர் ஜோன் லிட்டில்வுட்டுக்கு அனுப்பினார். லிட்டில்வுட் ஒத்திகைகளில் அதைச் செதுக்கி, ஜாஸ் இசையையும் சேர்த்தார்.

ஜோவும் தாய் ஹெலனும் மூட்டை முடிச்சுகளோடு ஒரு வாடகை வீட்டுக்குக் குடிவருகிறார்கள். சன்னலுக்கு வெளியே எரிவாயு ஆலை. குளியலறை பலருக்கும் பொது. நட்டு வளர்க்கலாமென்று ஜோ சில பூக்கிழங்குகளை இருட்டான இடத்தில் ஒளித்து வைக்கிறாள். ஹெலன் மறுமணம் செய்துகொண்டு போய்விடுகிறாள். கறுப்பினக் கடலோடி ஒருவனைக் காதலித்து ஜோ கருவுறுகிறாள், அவன் கப்பலேறிவிடுகிறான். அவளைக் கவனித்துக்கொள்பவன், ஓவியம் படிக்கும் மாணவன் ஜெஃப். பிறக்கப்போகும் குழந்தைக்கு உடுப்புத் தைப்பவனும் அவனே. பூக்கிழங்குகள் நடப்படாமலே காய்ந்துபோகின்றன.

ஜெஃப் தன்பாலின ஈர்ப்பு கொண்டவன். ஆண்களுக்கிடையேயான அத்தகைய உறவு இங்கிலாந்தில் 1967 வரை குற்றம். நாடகங்களுக்கு அரசுத் தணிக்கையோ 1968 வரை நீடித்தது. அக்காலத்தில் இத்தகைய மனிதர்களை இழிவோ பரிதாபமோ இன்றி, அன்றாடப் பேச்சும் நகைச்சுவையுமாக மேடையேற்றியதே டெலானியின் பெருஞ்சாதனை. அதுவரை பிரிட்டிஷ் மேடையில் உழைக்கும் மக்கள் பெரும்பாலும் வேலைக்காரர்களாகவோ சிரிப்பு மூட்டுபவர்களாகவோதான் வந்துபோனார்கள். 1956இல் நாடகாசிரியர் ஜான் ஆஸ்பர்ன் அந்த மரபை அசைத்தார் என்றாலும் அவர் காட்டியது ஓர் இளைஞனின் கோபத்தை. தொழிலாளர் வீட்டுப் பெண்ணின் வளர்பருவத்தை அவள் பக்கமிருந்தே சொன்னவர் டெலானி.

நாடகம் 1959இல் லண்டன் வெஸ்ட் எண்டுக்கும் 1960இல் நியூயார்க் பிராட்வேக்கும் சென்றது. பிராட்வேயில் ஜோவாக நடித்த ஜோன் பிளோரைட் டோனி விருது பெற்றார். 1961இல் டோனி ரிச்சர்ட்சன் இதைத் திரைப்படமாக்கினார். ஜோவாக நடித்த ரீட்டா டஷிங்ஹாமும் ஜெஃப்பாக நடித்த முர்ரே மெல்வினும் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிப்புக்கான விருதுகளைப் பெற்றனர். டெலானி 2011இல் காலமானார்.