சதுப்பு நிலத்தில் போட்ட கணக்கு: டாக்டர் கோ கெங் சுவீ

1959 ஜூன் மாதம் மக்கள் செயல் கட்சி சிங்கப்பூரில் ஆட்சிப் பொறுப்பேற்றபோது, நிதியமைச்சர் நாற்காலியில் அமர்ந்தவருக்கு வயது 40. மேடையேறிக் கைத்தட்டல் வாங்கும் ரகத்தைச் சேர்ந்தவர் அல்லர் அவர். லண்டன் பொருளியல் கல்லூரியில் முதல் வகுப்புப் பட்டம், பின்னர் 1956இல் முனைவர் பட்டம். அதற்கு முன் சமூக நலத் துறையில் அரசாங்க ஊழியர். சிங்கப்பூர் நகரத்துக் குடும்பங்களின் வருமானத்தையும் அவர்கள் வாழ்ந்த வீடுகளின் நிலையையும் வீடு வீடாகக் கணக்கெடுத்த ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர். ஏழ்மையைப் பற்றிப் பேசிய அரசியல்வாதிகள் அன்று ஏராளம். அதை எண்ணிப் பார்த்தவர் டாக்டர் கோ கெங் சுவீ.

கஜானாவைத் திறந்து பார்த்தால் அங்கும் பள்ளம்தான். அவ்வாண்டு ஒரு கோடியே 40 லட்சம் வெள்ளி பற்றாக்குறை வரும் என்று மதிப்பிடப்பட்டிருந்தது. புதிய நிதியமைச்சர் முதலில் கை வைத்தது அரசாங்க ஊழியர்களின் படிகளில். அலுவலகங்களில் கொதிப்பு எழுந்தது. நேற்றுவரை தங்களில் ஒருவராக இருந்தவரே இப்படிச் செய்துவிட்டாரே என்ற வருத்தம் பலருக்கு. ஆண்டு முடிவில் பத்து லட்சம் வெள்ளி உபரி என்று அவர் அறிவித்தார். கணக்கு நேரானது, மனக்கசப்பு ஆற நாளாயிற்று.

ஆனால் சிக்கனம் வேலை கொடுக்காது. பள்ளி விட்டுக் கூட்டம் கூட்டமாக வெளியே வரும் பிள்ளைகளைக் காணும்போதெல்லாம், படிப்பு முடிந்ததும் இவர்களுக்கு வேலைக்கு எங்கே போவது என்று டாக்டர் கோவின் மனம் கனத்துப்போகுமாம். லீ குவான் இயூ தம் நினைவு நூலில் இதைக் குறிப்பிடுகிறார். துறைமுகமும் இடைத்தரகு வணிகமும் மட்டும் பெருகிவரும் மக்கள்தொகைக்குச் சோறு போடாது. தொழிற்சாலைகள் வேண்டும்.

1960இல் ஐக்கிய நாட்டு நிறுவனக் குழுவுடன் வந்த டச்சுப் பொருளியல் நிபுணர் டாக்டர் ஆல்பர்ட் வின்செமியஸும் அதையே சொன்னார். 1961 ஆகஸ்டில் பொருளியல் வளர்ச்சிக் கழகம் பிறந்தது. அதன் கைக்கு 10 கோடி வெள்ளி. மேற்கே ஜூரோங்கில் குன்றுகளை வெட்டி, அந்த மண்ணைக் கொண்டு சதுப்பு நிலத்தை நிரப்பும் வேலை தொடங்கியது. தேசிய இரும்பு எஃகு ஆலைக்கு 1962இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் பிறகு? மனைகள் தயார், சாலைகள் தயார், முதலாளிகள் மட்டும் வரவில்லை. ‘கோவின் மடமை’ என்று ஊர் நகைத்தது. வந்த ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் அடிக்கல் நாட்ட ஒரு விழா, திறந்து வைக்க ஒரு விழா என்று அவர் இரண்டு விழா எடுத்தார். அந்துருண்டை செய்யும் ஆலைக்குக்கூட விழா உண்டு. சிரிப்பாகத் தோன்றலாம். ஆளே வராத இடத்தில் ஆள் வருகிறது என்று காட்ட அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

ஜூரோங் காத்துக் கிடந்ததற்கு ஒரு பெரிய காரணம் சந்தை. அந்தச் சந்தை மலேசியா. இங்கேதான் கதை குடும்பக் கதையாகிறது. டாக்டர் கோ மலாக்காவில் பிறந்தவர். கோலாலம்பூரில் நிதியமைச்சராக இருந்த துன் டான் சியூ சின்னும் அதே மலாக்கா. டாக்டர் கோவுக்குத் தாய்வழி உறவினர். 1963 ஜூலையில் கையெழுத்தான மலேசிய உடன்பாட்டின்படி, சிங்கப்பூரில் திரட்டப்படும் தேசிய வருவாயில் 40 விழுக்காடு கூட்டரசுக்குச் செல்லும். பதிலுக்குப் பொதுச் சந்தை படிப்படியாக உருவாகும். சபா, சரவாக் மேம்பாட்டுக்குச் சிங்கப்பூர் 15 கோடி வெள்ளி கடன் தருவதும் அதில் சேர்த்தி. பொதுச் சந்தை காகிதத்திலேயே தங்கியது. 40ஐ 60 ஆக்க வேண்டும் என்ற கோரிக்கைதான் கோலாலம்பூரிலிருந்து வந்தது. துன் டான் சியூ சின்னின் பக்கமும் நியாயம் உண்டு. இந்தோனேசியாவின் எதிர்ப்பால் தற்காப்புச் செலவு ஏறிக்கொண்டிருந்தது. ஆயினும் உறவினர் இருவர் பேசியும் கணக்குத் தீரவில்லை.

1964இல் ஜூலையிலும் செப்டம்பரிலும் இனக் கலவரங்கள் நிகழ்ந்து உயிர்கள் பறிபோயின. மறு ஆண்டு ஜூலையில் டாக்டர் கோ துணைப் பிரதமர் துன் ரசாக்கைச் சந்தித்தார். அவர்களும் புதியவர்கள் அல்லர். 1949இல் லண்டனில் தொடங்கிய மலாயா மன்றத்தின் முதல் தலைவர் டாக்டர் கோ. துன் ரசாக்கும் அந்த மன்றத்தில் பங்கெடுத்தவர். தளர்வான ஒரு கூட்டமைப்புக்கு வழி உண்டா என்று கேட்டு வரத்தான் லீ அனுப்பினார். டாக்டர் கோவோ அதைப் பேசவே இல்லை. சுத்தமாகப் பிரிந்துவிடுவதே மேல் என்றார். பல ஆண்டுகள் கழித்து அவரே இதை ஒப்புக்கொண்டார். அந்தப் பேச்சுகளின் குறிப்புகளை வைத்திருந்த கோப்புக்கு அவர் இட்ட பெயர் ‘ஆல்பட்ராஸ்’, அதாவது கழுத்தில் தொங்கும் சுமை. ஆகஸ்ட் 7ஆம் தேதி உடன்பாடு கையெழுத்தாயிற்று. 9ஆம் தேதி சிங்கப்பூர் தனி நாடு. மலாக்காவில் பிறந்த மகன், தாய்மண்ணுக்கும் தாம் ஆளும் ஊருக்கும் நடுவே எல்லைக்கோடு போட்டார். அவருக்கு அது வலித்திருக்காதா? வலித்ததாக அவர் சொல்லிக்கொண்டதில்லை.

பிரிவுக்குப் பின் தற்காப்பு அமைச்சு, 1967இல் மீண்டும் நிதி. மறு ஆண்டே பிரிட்டன் தன் படைகளை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. நாட்டு வருவாயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பியிருந்தது. உள்நாட்டுச் சந்தையை மறந்து உலகத்துக்கே ஏற்றுமதி செய்யும் ஆலைகளை அழைப்பதைத் தவிர வழியில்லை. 1968இல் ஜூரோங் நகரக் கழகமும் டிபிஎஸ் வங்கியும் வந்தன. வெறிச்சோடிக் கிடந்த மனைகள் நிரம்பலாயின. அந்நாள் வளர்ச்சிக் கழகத்திலும் பின்னர் டிபிஎஸ்ஸிலும் பணியாற்றிய எஸ். தனபாலன் பிற்காலத்தில் அமைச்சரானார். நிதியமைச்சில் உழைத்த கிள்ளான்காரர் ஜே.ஒய். பிள்ளை சிங்கப்பூர் ஏர்லைன்சை வளர்த்தெடுத்தார்.

ஜூரோங்கில் உழைக்கும் குடும்பங்களுக்குப் பொழுதுபோக்கும் வேண்டுமல்லவா? ரியோ டி ஜெனிரோவில் உலக வங்கிக் கூட்டத்துக்குப் போனவர், அங்கு கண்ட பறவைக் கூடத்தை மனத்தில் குறித்துக்கொண்டு வந்தார். மிருகக்காட்சிசாலை என்றால் இறைச்சி வாங்க வேண்டும். பறவைக்குத் தானியம் போதும் என்பது நிதியமைச்சர் கணக்கு! 1971 ஜனவரியில் திறந்த ஜூரோங் பறவைப் பூங்கா, 2023 ஜனவரியில் மூடப்பட்டு மண்டாய்க்கு இடம் மாறியது.

பின்னர் கல்வி அமைச்சுக்குச் சென்று, மாணவர்களைத் திறன்வாரியாகப் பிரித்த திட்டத்தால் பெற்றோரின் கோபத்தையும் சம்பாதித்தார். 1981இல் அரசாங்க முதலீட்டுக் கழகம் அமைந்ததிலும் அவர் கை உண்டு. 1984இல் அரசியலை விட்டு விலகியவரை மறு ஆண்டே சீன அரசாங்கம் கடலோரப் பகுதிகளின் வளர்ச்சிக்கு ஆலோசகராக அழைத்துக்கொண்டது. 2010 மே 14ஆம் தேதி, 91 வயதில் அவர் காலமானார். ‘கோவின் மடமை’யில் அதற்குள் ஆயிரக்கணக்கான ஆலைகள் இயங்கிக்கொண்டிருந்தன.